ஒரு பாட்டில் இரண்டு நிஷாதம்

(சென்ற ஆண்டு விழாவில், சிறுவர் இசை நிகழ்ச்சிக்கு முன் ஆற்றிய உரை)



யாம் மேடைப் பேச்சாளர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேடுகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியதே எம் தகுதி. வயலின் சிறிது வாசிப்போம். ஆயினும் இன்று பதினைந்து நிமிடம் பேச அனுமதி கேட்டுப் பெற்றோம். அதற்குக் காரணம் உண்டு.

இவ்வுரை முடிந்ததும் நம் காலனிப் பிள்ளைகள் மூவர் ஜாஸ் இசைப் பாட்டொன்றை வாசிக்க இருக்கிறார்கள். ஒருவர் கிதார், ஒருவர் வயலின், கீபோர்டு வாசிப்பவள் எம் மகள். ஒத்திகையைக் கேட்ட நம் பாட்டாசிரியை அம்மையார் அவர்கள், "ஒரே பாட்டில் இரண்டு நிஷாதமும் இரண்டு தைவதமும் வருகின்றனவே! பிள்ளைகளின் ஸ்வர ஞானம் என்னாவது?" என்று வருந்தினார்கள். முப்பது ஆண்டுகளாக இக்காலனிப் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை முதல் கீர்த்தனம் வரை சொல்லித் தரும் அவர்கள் கேட்ட கேள்வி வெறும் கேள்வி அன்று. நிகழ்ச்சியையே நீக்கிவிடலாம் என்று செயற்குழுவில் சிலர் கூறினர். கேள்விக்கு விடை சொல்ல முயல்வோம். பிறகு சபையோர் தீர்ப்புச் செய்யட்டும் என்று வேண்டிக் கொண்டோம். அந்த விடையே இவ்வுரை.

ஜாஸ் இசை நமக்கு அந்நியமாயினும் இவ்வூருக்கு அவ்வளவு அந்நியமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே தழைத்த அவ்விசை, கப்பலேறிக் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தது. டெடி வெதர்ஃபோர்டு என்னும் அமெரிக்கப் பியானோ கலைஞர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாசித்து, 1945-ல் அந்நகரிலேயே மறைந்தார். 1958-ல் இந்தியாவுக்கு வந்து சென்ற டேவ் புரூபெக், "கல்கத்தா ப்ளூஸ்" என்றே ஓர் இசையை இயற்றினார். பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் லூயிஸ் பாங்க்ஸ், பிராஸ் கொன்சால்வ்ஸ் முதலியோர் வாசித்த காலமும் உண்டு. கிதார் கலைஞர் கார்ல்டன் கிட்டோ 2016-ல் மறையும் வரை அந்நகரில் இவ்விசையைக் காத்து வந்தார். நம்மைப் போன்ற ரயில்வே காலனிகளின் இன்ஸ்டிட்யூட் மண்டபங்களிலும் ஆங்கிலோ-இந்திய அன்பர்கள் இதை வாசித்தனர்.

அப்படி வாசித்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் ஓய்வு பெற்ற எஞ்சின் டிரைவர். சிறுவயதில் பெரம்பூரில் வளர்ந்தவராதலின் தமிழ் நன்றாகப் பேசுவார். நாங்கள் அவரை "அங்கிள்" என்றே அழைப்போம். 1996-ம் ஆண்டு, எமக்கு வயது பதினைந்து. கௌரிமனோஹரி ராகத்தில் தியாகராஜரின் "குருலேக எடுவண்டி" பாடமான புதிது. இன்ஸ்டிட்யூட் வராந்தாவில் அவர் கிதாரோடு அமர்ந்திருந்தார். "தம்பி, நீ உன் ஸ்கேலை வாசி; நான் பின்னாலே வரேன்" என்றார். வாசித்தோம். அவர் விரல் ஓரிடத்தில் மாறியதும் எம் ஸ்வரம் முழுவதும் கசந்தது. அடுத்து அவர் வாசித்துக் காட்டினார். எம் காதுக்கு எல்லாம் அபஸ்வரமாக ஒலித்தது. "உங்களுக்கு ஸ்வர ஞானம் இல்லை, அங்கிள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவர் தட்டில் வைத்த பிஸ்கட்டையும் தொடாமல் எழுந்து வந்தோம். அவர் கோபிக்கவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சேருதா இல்லையா, அதை மட்டும் பாரு, தம்பி" என்றார்.

மறுவாரம் எம் தந்தையாரிடம் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். அதில் ஒரு பாட்டின் ஏழு கார்டுகளை எழுதி, கடைசி மூன்றின் எதிரே மட்டும் "ஸி மெலாடிக் மைனர், ஈ பிளாட் மெலாடிக் மைனர், ஜி மெலாடிக் மைனர்" என்று குறித்திருந்தார். எமக்கு விளங்கவில்லை, வயலின் பெட்டியின் அடியில் மடித்து வைத்தோம். 1998-ல் அவர் ஆஸ்திரேலியாவிலுள்ள மகளிடம் போய்விட்டார்.

நிற்க. அம்மையார் அவர்களின் கேள்விக்கு வருவோம்.

நம் கச்சேரியில் தம்புரா ஒலிக்கத் தொடங்கியதும் ஷட்ஜமும் பஞ்சமமும் நிலைபெற்று விடுகின்றன. பாடுபவர் எங்குச் சென்றாலும் அடித்தளம் அசைவதில்லை. ஒரு ஸ்வரம் சரியா, தவறா என்பதை அந்த அசையாத ஷட்ஜத்தைக் கொண்டே அறிகிறோம். ஜாஸ் இசையிலோ அடித்தளமே நகர்கிறது. மூன்று அல்லது நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கார்டு என்கிறார்கள். யாம் அதனைக் கூட்டு என்போம். பாட்டு நடக்க நடக்கக் கூட்டுகள் குறித்த வரிசையில் மாறிக்கொண்டே இருக்கும். மேலே கற்பனையாக வாசிப்பவர் அந்தந்தக் கூட்டுக்கு இசைந்த ஸ்வரங்களைத் தேர்ந்து வாசிக்க வேண்டும். நம் கல்பனா ஸ்வரத்தைப் போன்றதே அது. ஆனால் தம்புரா நான்கு எண்ணிக்கைக்கொரு முறை சுருதி மாறுவதாக எண்ணிக் கொள்ளுங்கள்!

இன்று பிள்ளைகள் வாசிக்கும் பாட்டு "ஆட்டம் லீவ்ஸ்", அதாவது இலையுதிர் காலத்து இலைகள். 1945-ல் பாரிஸ் நகரில் ஜோஸப் கோஸ்மா என்பவர் அமைத்த மெட்டு. பின்னர் அமெரிக்கக் கவிஞர் ஜானி மெர்ஸர் அதற்கு ஆங்கிலத்தில் சொற்கள் எழுதினார். உலகெங்கும் ஜாஸ் பயிலும் மாணவர்கள் தொடக்கத்தில் கற்கும் பாட்டு இது. இதன் சுருதி ஜி மைனர். ஜி என்னும் ஸ்வரத்தை ஷட்ஜமாகக் கொண்டால், முதற்பகுதியின் ஏழு கூட்டுகளை நம் ஸ்வரங்களில் இவ்வாறு சொல்லலாம்:

முதலாவது, ம த ஸ க. இரண்டாவது, நி ரி ம த. மூன்றாவது, க ப நி ரி. நான்காவது, த ஸ க ப. ஐந்தாவது, ரி ம த ஸ. ஆறாவது, ப நி ரி ம. ஏழாவது, ஸ க ப.

ஒவ்வொன்றும் சதுச்ர ஏக தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் நிற்கும். கடைசிக் கூட்டு மட்டும் இரண்டு ஆவர்த்தனம். ஆக மொத்தம் எட்டு.

இனி, மைனர் என்பது யாது? மேல்நாட்டார் மைனர் ஸ்கேல் என்று ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் ஒன்றன்று. நம் 72 மேளகர்த்தா வரிசையில் 20, 21, 22, 23 என்று அடுத்தடுத்து நிற்கும் நான்கு மேளங்களே அவை. நாச்சுரல் மைனர் நம் நடபைரவி. ஹார்மானிக் மைனர் நம் கீரவாணி. டோரியன் என்பது நம் கரகரப்பிரியா. மெலாடிக் மைனரின் ஆரோகணம் நம் கௌரிமனோஹரி. நான்கிலும் சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம் ஆகியவை மாறுவதில்லை. தைவதமும் நிஷாதமுமே மாறுகின்றன. எனவே அம்மையார் அவர்கள் ஒத்திகையில் குறிப்பிட்ட அந்த இரண்டு ஸ்வரங்களே மைனர் இசையின் உயிர்நிலை. அவர்கள் காது தவறவில்லை; மிகச் சரியான இடத்தைத் தொட்டது.

ஓர் எச்சரிக்கையும் உடன் சொல்வோம். ஸ்வர ஏணி ஒன்றாயிருப்பதால் ராகமும் ஒன்றென்று கருதலாகாது. கமகமும் பிடிகளும் நம் ராகத்தின் உடம்பு. ஜாஸ் கலைஞர் எடுத்துக் கொள்வது ஏணியை மட்டுமே. அவர் கீரவாணி பாடுவதாக நாமும் சொல்ல வேண்டா.

மேற்சொன்ன ஏழு கூட்டுகளைப் பாருங்கள். முதல் ஐந்திலும் வருவன யாவும் நடபைரவியின் ஸ்வரங்கள். சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். ஆறாவது கூட்டுக்கு வந்ததும் நிஷாதம் மாறுகிறது. அங்கு ஒலிப்பது காகலி. ஏன்?

கைசிகி நிஷாதத்தோடு ப நி ரி என்று ஒலித்தால், அக்கூட்டு தன்னிடத்திலேயே அமைதியாக உட்கார்ந்து விடும். ஷட்ஜத்துக்குப் போக வேண்டும் என்ற தவிப்பு அதில் இல்லை. காகலி நிஷாதமோ மேல் ஷட்ஜத்துக்கு ஒரே அரைப்படி கீழே நிற்கிறது. அது ஷட்ஜத்தை நோக்கித் தாவத் துடிக்கும். அதே கூட்டிலுள்ள மத்யமம் கீழே காந்தாரத்துக்கு இறங்க விரும்பும். இரண்டும் ஒருங்கே நகரும்போது ஏழாவது கூட்டு வீடாகி விடுகிறது. யார்டில் பாயிண்ட் மாற்றுவதை நாம் அறிவோம். தண்டவாளத்தின் ஒரு நுனி சில அங்குலம் நகர்ந்தால் வண்டி முழுவதும் வேறு பாதையில் திரும்பி விடுகிறது. காகலி நிஷாதம் அந்த நுனி. ஆகவே ஆறாவது கூட்டில் பிள்ளைகள் நடபைரவியை விட்டுக் கீரவாணிக்கு வருகிறார்கள். இது தவறி வந்த ஸ்வரமன்று. வீடு திரும்பச் செய்த ஏற்பாடு.

இனி இரண்டாவது தைவதம். கீரவாணியில் சுத்த தைவதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் இடையே மூன்று அரைப்படி இடைவெளி உண்டு. நம் பாடகர்களுக்கு அது இனிமை. ஐரோப்பிய முறையில் பாடுவோர்க்கு அத்தாவல் கடினமாகத் தோன்றியதால், ஏறும்போது தைவதத்தையும் உயர்த்திக் கொண்டார்கள். இறங்கும்போது பழையபடி நடபைரவியாக இறங்கினார்கள். நம் பைரவி ராகத்தை நினைத்துப் பாருங்கள்! ஆரோகணத்தில் சதுச்ருதி தைவதம், அவரோகணத்தில் சுத்த தைவதம். இரண்டு தைவதம் வருவதால் பைரவியைத் தவறென்று யாரும் சொன்னதில்லை. அதன் பெருமையே அதுதான். ஜாஸ் கலைஞர் ஒரு படி மேலே சென்று, ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த உயர்ந்த தைவதத்தையே வைத்துக் கொள்கிறார். ஏழாவது கூட்டில் ஸ க ப உடன் சதுச்ருதி தைவதத்தையும் சேர்த்து ஒலிப்பது அவர்கள் வழக்கம். அதற்கு இசைந்தது கௌரிமனோஹரி. ஆக, ஒரே பாட்டில் நடபைரவி, கீரவாணி, கௌரிமனோஹரி மூன்றும் தத்தம் இடமறிந்து வருகின்றன.

நான்காவதான கரகரப்பிரியாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1940-களில் சார்லி பார்க்கர் முதலானோர் கூட்டுகளை மிக விரைவாக மாற்றி வாசித்தனர். அவ்விரைவிலிருந்து விலகி, 1959-ல் மைல்ஸ் டேவிஸ் "ஸோ வாட்" என்னும் இசையில் பதினாறு ஆவர்த்தனம் ஒரே டோரியன் ஸ்கேலில் நின்றார். அடுத்த எட்டு அரைப்படி மேலே. கடைசி எட்டு மீண்டும் பழைய இடம். அடித்தளத்தை இவ்வளவு நேரம் நிறுத்திய பின்பு அது நம் ஆலாபனைக்குச் சற்று நெருங்கி வந்தது எனலாம். அக்குழுவில் வாசித்த ஜான் கோல்ட்ரேன், சிதார் மேதை ரவி சங்கரிடம் கொண்ட மதிப்பால் 1965-ல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஸாக்ஸபோன் கலைஞர் நம் நாகஸ்வரத்தையே கற்று வாசித்தார். அவர்கள் நம் இசையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

இப்பொழுது அந்தத் தாளுக்கு வருவோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வயலின் பெட்டியின் வெல்வெட்டை மாற்றும்போது அது வெளியே வந்தது. ஜி மைனரில் அமைந்த பாட்டுக்கு ஸி மைனர் எதற்கு? ஈ பிளாட் மைனர் எதற்கு? எம் மகள் தாளைச் சிறிது நேரம் பார்த்தாள். "அப்பா, இது கிரக பேதம் மாதிரி இருக்கிறது. மாமி சொல்லிக் கொடுத்தார்களே, ஷட்ஜத்தை இடம் மாற்றினால் வேறு ஸ்வரம் வருமென்று! ஒரே கௌரிமனோஹரியை மூன்று இடத்தில் வைத்திருக்கிறார்" என்றாள்.

வாசித்துப் பார்த்தோம். ஐந்தாவது கூட்டில் மத்யமத்தை ஷட்ஜமாக்கிக் கௌரிமனோஹரி. ஆறாவது கூட்டில் சுத்த தைவதத்தை ஷட்ஜமாக்கி அதே கௌரிமனோஹரி. ஏழாவது கூட்டில் இயல்பான ஷட்ஜத்திலேயே கௌரிமனோஹரி. ஆறாவது இடத்தில் நடப்பதுதான் வியப்பு. அங்கு வரும் ஏழு ஸ்வரங்களை நம் பழைய ஷட்ஜத்திலிருந்து எண்ணினால் சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம், காகலி நிஷாதம் ஆகின்றன. இரண்டு நிஷாதமும் உண்டு. புதிதாகச் சுத்த ரிஷபமும் உண்டு. ஷட்ஜம் மட்டும் இல்லவே இல்லை! அந்த நான்கு எண்ணிக்கைக்குள் வீடே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுத்த ரிஷபம் மேலிருந்தும் காகலி நிஷாதம் கீழிருந்தும் அரைப்படி தூரத்தில் ஷட்ஜத்தையும், சுத்த தைவதம் அதே தூரத்தில் பஞ்சமத்தையும் பார்த்து நிற்கின்றன. அடுத்த அடியில் ஷட்ஜம் ஒலிக்கும்போது, நெடுந்தூரம் போய் வந்தவனுக்கு வாசற்படி கிடைத்தது போலிருக்கிறது.

1996-ல் வராந்தாவில் யாம் அபஸ்வரம் என்றது இதைத்தான். நான்கு எண்ணிக்கை பொறுத்திருந்தால் வீடு வந்திருக்கும். யாம் எழுந்து வந்துவிட்டோம்.

பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் பெற்றோருக்குச் சில சொற்கள். ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவது இசையாகாது. முதலில் கடைசி மூன்று கூட்டுகளை மட்டும் கீபோர்டில் மெதுவாகப் பிடிக்கச் சொல்லி, அவற்றின் மேல் "ம, ம, க" என்று பாடச் செய்யுங்கள். அடுத்து "ஸ, காகலி நி, ஸ" என்று பாடச் செய்யுங்கள். இவ்விரு கோடுகளே பாட்டின் எலும்புக்கூடு. காந்தாரத்தில் அல்லது ஷட்ஜத்தில் ஏழாவது கூட்டின் முதல் அடியிலேயே வந்திறங்கும் பழக்கம் வேண்டும். இரண்டாவதாக, கீரவாணி ஒன்றையே மூன்று கூட்டுகளுக்கும் வாசிக்கலாம்; மூன்றுக்கும் பொருந்தும். அது கைவந்த பின்னரே கௌரிமனோஹரியை மூன்று இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். கைக்கு முன் வாய் பாட வேண்டும். வாயால் பாட முடியாத ஸ்வரத்தை விரல் வாசித்தால் அது தற்செயலேயன்றி ஞானமாகாது. இது அமெரிக்கப் பாடமன்று. நம் அம்மையார் அவர்களின் வகுப்பில் முதல் நாள் சொல்லப்படும் பாடம்.

அம்மையார் அவர்களே! பிள்ளைகள் ஸ்வர ஞானத்தை இழப்பார்களோ என்று அஞ்சினீர்கள். தாங்கள் அளித்த ஸ்வர ஞானம் இல்லாவிடில் அத்தாள் இன்னும் எம் பெட்டிக்கடியில் மடங்கியே கிடந்திருக்கும். இரண்டு நிஷாதங்களையும் பெயர் சொல்லிப் பிரித்தறியும் பிள்ளையே அவ்விரண்டையும் ஒரு பாட்டில் இடமறிந்து வைக்க முடியும். பிரித்தறியாத பிள்ளை இப்பாட்டை வாசிக்கவே முடியாது.

அந்தப் பெரியவர் 2009-ல் ஆஸ்திரேலியாவில் காலமானார் என்று பிற்பாடு அறிந்தோம். எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை, அவர் கிதார் வாசித்த இம்மண்டபத்திலேயே, உங்கள் அனைவர் முன்னிலையிலும் கேட்டுக் கொள்கிறோம். அவர் எழுதிய தாளை இன்று எம் மகள் கீபோர்டின் மேல் வைத்துக் கொண்டு வாசிக்கிறாள்.

கேட்கும்போது ஒரே ஒரு வேண்டுகோள். இடையில் ஏதேனும் ஒரு ஸ்வரம் காதை உறுத்தினால், உடனே முகம் சுளிக்காமல் நான்கு எண்ணிக்கை பொறுத்திருங்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தால் கை தட்டுங்கள். சேராவிட்டால் அம்மையார் அவர்களே மேடையேறிப் பிள்ளைகளைத் திருத்தட்டும். யாம் முதலில் நின்று கேட்டுக் கொள்வோம்.